ஒன்பதாம் வகுப்பில் காலநிலை மாற்றம்: எந்தப் பாடத்தில், யார் நடத்துவது?

கேள்வி: கடற்கரைப் பள்ளி சமூக அறிவியல் ஆசிரியை (குமரி மாவட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தலைமையாசிரியர் ஒரு பயிற்சிக்குப் போய் வந்தார். காலநிலை மாற்றத்தை இனி எல்லாப் பாடங்களிலும் சேர்த்து நடத்த வேண்டும், அரையாண்டுத் தேர்வுக்குள் ஒரு திட்டம் எழுதிக் கொடுங்கள் என்று வேலையை என் தலையில் கட்டிவிட்டார். பள்ளியின் சுற்றுச்சூழல் மன்றமான தேசியப் பசுமைப் படைக்கும் நான்தான் பொறுப்பு. மரம் என்றாலும் மழை என்றாலும் என் பெயர்தான் முதலில் அடிபடும்.

ஆசிரியர் அறையில் பேச்செடுத்துப் பார்த்தேன். அறிவியல் டீச்சர், "பசுமை இல்ல வாயு பாடத்திலேயே இருக்கிறது, நடத்தி முடித்தாயிற்று" என்றார். தமிழ் ஐயா, "வான்சிறப்பு இருக்கிறதே" என்று முடித்துக்கொண்டார். கணக்கு சார் வாயே திறக்கவில்லை. பத்தாம் வகுப்புக்குச் சிறப்பு வகுப்பு என்று எழுந்து போய்விட்டார். யார் மீதும் குறை சொல்ல மாட்டேன். வருகைப்பதிவு, எமிஸ் இணையதளப் பதிவு, மெல்லக் கற்கும் பிள்ளைகளுக்குத் தனிக்கவனம் எல்லாம் போக ஒரு பாடவேளையில் என்ன மிஞ்சுகிறது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் சும்மா இருக்கவும் முடியவில்லை. பயிற்சியில் கொடுத்தனுப்பிய சுவரொட்டியில் உருகும் பனிப்பாளத்தின் மீது ஒரு பனிக்கரடி நிற்கிறது. அதை மாட்டியிருக்கும் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தெரு, தெருவுக்கு அந்தப் பக்கம் பாறாங்கல் அடுக்கிய தடுப்பு, அதற்கப்பால் கடல். ஆனி, ஆடியில் அலை கல்லைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிடும். பாட்டி வீடு எங்கே இருந்தது என்று கேட்டால் கடலைக் கைகாட்டும் பிள்ளைகள் என் வகுப்பில் உண்டு. அவர்களுக்கு எதற்குப் பனிக்கரடி?

கடல் ஏன் ஊருக்குள் வருகிறது என்று வகுப்பில் கேட்டேன். சுனாமி என்றாள் ஒருத்தி. ஓசோனில் ஓட்டை, பிளாஸ்டிக், ஆண்டவரின் கோபம் என்று விடைகள் வரிசையாக வந்தன. ஒரு பையன் மட்டும், "பக்கத்து ஊரில் தூண்டில் வளைவு போட்டார்கள், எங்கள் ஊர் மணல் போய்விட்டது" என்றான். கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிப் போடும் கல் சுவரைத்தான் தூண்டில் வளைவு என்கிறோம். வந்தவற்றில் அதுதான் உருப்படியான விடை என்று தோன்றியது. ஆனால் கரியமில வாயுவுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? அவனிடம் சரி என்று சொல்வதா, தவறு என்று சொல்வதா?

இன்னொரு தயக்கமும் இருக்கிறது. ஒக்கி புயல் அடித்தது 2017 நவம்பர் 30. இப்போது என் வகுப்பில் இருப்பவர்களுக்கு அப்போது ஐந்தாறு வயது. கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் பிள்ளைகளும் இந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதைப் பேசினால் புண்ணைக் கிளறுவதாகும். பேசாமல் புயல் பாடம் நடத்தினால் அது என்ன பாடம்?

புதிதாகப் பாடவேளை கேட்காமல், அந்தந்தப் பாடத்தின் சொந்த வேலையாகவே இதைச் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். எது தேறியது, எது தேறவில்லை? கற்றல் விளைவு, செயல்பாடு, மதிப்பீடு என்று கட்டம் கட்டி எழுதுவதை நானே பார்த்துக்கொள்வேன்.

பதில்: கணக்கு வாத்தியார் (பூதப்பாண்டி)

டீச்சர், உங்கள் கணக்கு சார் எழுந்து போனதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. "காலநிலை நடத்துங்கள்" என்று வந்தால் நானும் எழுந்துதான் போவேன். "புள்ளியியலுக்கு நல்ல எண்கள் கிடைத்திருக்கின்றன" என்று சொல்லிப் பாருங்கள், உட்காருவார்.

ஒன்பதாம் வகுப்பில் சராசரி, இடைநிலை, முகடு. பத்தாம் வகுப்பில் திட்டவிலக்கம், மாறுபாட்டுக் கெழு. புத்தகத்துக் கணக்கில் வரும் எண்கள் யாருடையவை என்று எந்தப் பிள்ளைக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. நாளிதழின் நாகர்கோவில் பதிப்பை எடுங்கள். மழைக்காலத்தில் உள்பக்கத்தின் ஒரு மூலையில் பொடி எழுத்தில் ஒரு செய்தி வரும். பூதப்பாண்டி, கன்னிமார், கொட்டாரம், மயிலாடி, சுருளகோடு, பாலமோர், திற்பரப்பு, கோழிப்போர்விளை, முள்ளங்கினாவிளை, ஆணைக்கிடங்கு என்று ஊர்ப் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே முந்தைய நாள் மழை மில்லிமீட்டரில். கூடவே பேச்சிப்பாறை அணையில் 48 அடிக்கு எத்தனை அடி, பெருஞ்சாணி அணையில் 77 அடிக்கு எத்தனை அடி. பெரியவர்கள் தலைப்புச் செய்திக்கு முன்பே அதைத்தான் பார்ப்பார்கள்.

நாங்கள் அதை வெட்டி நோட்டில் ஒட்டுகிறோம். பிள்ளைக்கு ஓர் ஊர். இவன் பாலமோர், அவள் மயிலாடி. பாலமோரில் கொட்டோ கொட்டென்று கொட்டிய அன்று மயிலாடியின் பெயரே பட்டியலில் இருக்காது. அவளுக்குக் கோபம் வரும். தமிழ்நாட்டின் மிகச் சிறிய மாவட்டங்களில் ஒன்று இது, இதற்குள் ஏன் இத்தனை வித்தியாசம் என்று கேட்பாள். மலையும் இரண்டு பருவமழையும் ஆரல்வாய்மொழிக் கணவாயும் அங்கேதான் வரும். அது உங்கள் பாடம், அழைத்தால் வந்து நடத்திவிட்டுப் போங்கள்.

என் பாடம் வேறு. ஒரே அளவு மழை பெய்த இரண்டு மாதங்களைக் கரும்பலகையில் பக்கம் பக்கமாக எழுதுவேன். ஒன்றில் மழை மாதம் முழுவதும் பரவலாகப் பெய்திருக்கும். மற்றொன்றில் இரண்டே நாளில் கொட்டித் தீர்த்திருக்கும். சராசரி இரண்டுக்கும் ஒன்றுதான். இடைநிலையைப் பார்த்தால் முதல் மாதத்தில் ஏதோ ஓர் எண் வரும், இரண்டாவதில் பூஜ்யம். வயலுக்கு இரண்டும் ஒன்றா என்று கேட்பேன். கும்பப்பூ நெல் நட்டவர் வீட்டுப் பிள்ளைக்கு அதற்குமேல் விளக்க வேண்டாம், அவன்தான் எனக்கு விளக்குவான். நட்ட நாற்று வேர் பிடிக்கும் முன் வெள்ளம் வந்தால் என்ன ஆகும், பிறகு பதினைந்து நாள் காய்ந்தால் என்ன ஆகும் என்று ஒரு பாடவேளை முழுக்கப் பேசுவான். சூடேறிய உலகில் மழையின் மொத்த அளவைவிட அது பெய்யும் விதம்தான் நம்மை அதிகம் படுத்தப்போகிறது என்று அறிவியல்காரர்கள் சொல்வதை, கூட்டிக் கழித்து அவர்களே பிடித்துவிடுவார்கள்.

அளவியலுக்கு ஒன்று. 1 சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர். ஒரு ஹெக்டேரில் 100 மி.மீ. பெய்தால் 10 லட்சம் லிட்டர். வானிலை ஆய்வு மையம் ஒரு நாளில் 64.5 மி.மீ. முதல் கனமழை, 115.6 முதல் மிகக் கனமழை, 204.4-ஐத் தாண்டினால் அதி கனமழை என்கிறது. பள்ளிக் கூரையை நீளம் அகலம் அளக்கச் சொல்லி, அதி கனமழை நாளில் அதில் விழும் தண்ணீர் எத்தனை லிட்டர் என்று கேளுங்கள். விடையைப் பார்த்துவிட்டுக் கணக்கு தவறு என்று திரும்பப் போடுவார்கள்.

ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள். ஒரு வருட நோட்டை வைத்துக்கொண்டு "காலநிலை மாறிவிட்டது" என்று எவனையும் எழுத விடாதீர்கள். காலநிலைக்குக் குறைந்தது 30 ஆண்டுச் சராசரி வேண்டும். நோட்டில் இருப்பது வானிலை. ஆகவே பழைய வகுப்பின் நோட்டை அடுத்த வகுப்பு தொடர வேண்டும். எங்கள் அலமாரியில் அப்படி ஒரு கட்டு இருக்கிறது, கரையான் தின்றது போக.

பதில்: ஆங்கில ஆசிரியை (குலசேகரம்)

எங்கள் பக்கம் ரப்பர். விடியற்காலையில் மழை பெய்தால் பால்வெட்டு இல்லை, வெட்டாத நாளில் கூலி இல்லை. மரத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தால் ஓரளவு சமாளிக்கலாம், எல்லாத் தோட்டத்திலும் ஒட்டுவதில்லை.

இறந்தகால வினைகளுக்கு இதைத்தான் பயன்படுத்துகிறேன். தினமும் ஆங்கிலத்தில் மூன்றே வரி நாட்குறிப்பு: மழை பெய்ததா, அப்பா வெட்டினாரா, அம்மா எத்தனை ரப்பர் ஷீட் அடித்தார். வெட்டத் தெரிந்தவர்கள் வகுப்பிலேயே இருப்பதால் வினைச்சொல்லுக்குப் பஞ்சமில்லை. மாதக் கடைசியில் வெட்டாத நாட்களை எண்ணச் சொல்வேன். சமூக அறிவியல் சார் அந்த நாட்குறிப்பை வாங்கிக்கொண்டு போய் வருமானம், கடன் என்று பாடம் எடுக்கிறார். "காலநிலை மாற்றம்" என்ற சொல்லை நான் வகுப்பில் இன்னும் உச்சரிக்கவில்லை. அவசரமும் இல்லை.

பதில்: உடற்கல்வி ஆசிரியர் (மார்த்தாண்டம்)

எங்களை யாரும் இந்தப் பட்டியலில் சேர்ப்பதே இல்லை. சுதந்திர தின விழாவுக்கு மட்டும்தான் எங்கள் ஞாபகம் வரும்.

உடம்பு குளிர வேண்டுமானால் வியர்வை ஆவியாக வேண்டும். நம் கடலோரக் காற்றில் ஈரம் அதிகம், வியர்வை ஆவியாகாமல் வழிகிறது. அதனால்தான் தெர்மாமீட்டர் அதே எண்ணைக் காட்டினாலும் வறண்ட ஊர்க்காரனைவிட நம் பிள்ளை சீக்கிரம் சோர்ந்துவிடுகிறான். மார்ச் மாதத்தில் காலை ஒரு முறை, மதியம் ஒரு முறை ஒரே தூரம் நடக்கச் சொல்லி நாடித்துடிப்பை எண்ண வைத்தேன். மதியத்தில் ஓடவிட வேண்டாம், நடையே போதும். பிள்ளைகள் அந்தக் கணக்கைத் தூக்கிக்கொண்டு தலைமையாசிரியரிடம் போய் விளையாட்டு நேரத்தைக் காலைக்கு மாற்றக் கேட்டார்கள். மாற்றவில்லை, பஸ் நேரம் இடிக்கிறதாம். ஆனால் மைதானத்தில் ஒரு குடிநீர்த் தொட்டி வந்தது.

பதில்: இயற்பியல் முதுநிலை ஆசிரியர் (தக்கலை)

டீச்சர், உங்கள் வகுப்பில் வந்த விடைகளைத் தூக்கி எறியாதீர்கள். அதைவிட நல்ல பாடத்திட்டம் கிடைக்காது. ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினாலே போதும்.

சுனாமி: 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவுக்கு அருகே கடலடியில் நிலம் அதிர்ந்து வந்தது. குளச்சலிலும் மணக்குடியிலும் நடந்ததை வீட்டில் சொல்லிக் கேட்டிருப்பார்கள். அதற்கும் காலநிலைக்கும் தொடர்பில்லை.

ஓசோன்: அது வேறு கதை. குளிர்பதனப் பெட்டியிலும் ஸ்பிரேயிலும் இருந்த குளோரோ புளோரோ கார்பன்கள் செய்த வேலை. 1987-இல் மான்ட்ரியல் உடன்படிக்கை போட்டார்கள், படலம் மெல்லத் தேறி வருகிறது. பூமி சூடாவதற்கு முக்கியக் காரணம், அது வெளியே விடும் வெப்பத்தைக் கரியமில வாயு போன்றவை பிடித்து வைத்துக்கொள்வது. ஆசிரியர்களே இந்த இரண்டையும் குழப்புகிறோம், பிள்ளைகளைச் சொல்லிப் பயனில்லை.

கள்ளக்கடல்: இதை யாரும் சொல்லவில்லை போலும், நீங்கள் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கே காற்றே இல்லாத நாளில் கடல் திடீரென ஏறி வரும். தெற்கே வெகு தொலைவில், இந்தியப் பெருங்கடலின் அடிக்கோடியில் அடித்த புயற்காற்று கிளப்பிய அலைகள் நாட்கணக்கில் பயணம் செய்து நம் கரைக்கு வந்து சேர்வதுதான் அது.

இனி அந்தப் பையன். அவன் சொன்னது சரி. கரையோரமாக மணல் ஓடிக்கொண்டே இருக்கும். தூண்டில் வளைவோ துறைமுகச் சுவரோ குறுக்கே வந்தால் ஒரு பக்கம் மணல் சேரும், மறு பக்கம் கரை அரிக்கும். அதே நேரத்தில் 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 செ.மீ. உயர்ந்திருக்கிறது. 2006 முதல் 2018 வரை ஆண்டுக்கு 3.7 மி.மீ. என்ற வேகம். மணல் போன கரையில் அந்த உயர்வு இன்னும் உள்ளே வந்து அடிக்கும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லாதீர்கள். அவன் காரணத்தையும் எழுதுங்கள், பக்கத்தில் இதையும் எழுதுங்கள். கல் போட்டது யார், யாரைக் கேட்டுப் போட்டார்கள் என்பது குடிமையியல். அதைப் "பருவநிலை" என்று பொதுவாகச் சொல்லி மூடிவிடக் கூடாது.

சாளை மீனுக்கும் (மத்தி) இதே கதைதான். கேரளத்தில் 2012-இல் ஏறத்தாழ 4 லட்சம் டன் பிடித்தார்கள். 2021-இல் சுமார் 3,300 டன். கடல் சூடு, எல் நினோ, குஞ்சு மீனையும் அள்ளியது என்று காரணங்கள் பல. ஒற்றைக் காரணம் எழுதினால் மதிப்பெண்ணைக் குறையுங்கள்.

வாத்தியார் சாரிடம் ஒரு சின்ன மறுப்பு. 30 ஆண்டு என்பது சரி, ஆனால் அங்கேயே நிறுத்தினால் யாருக்கும் எதுவும் தெரியாது என்று பிள்ளைகள் நினைத்துவிடுவார்கள். ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958 முதல் காற்றை அளந்து எழுதி வருகிறார்கள், சார்லஸ் கீலிங் தொடங்கியது. அதுவும் உங்கள் அலமாரி நோட்டு மாதிரிதான், கரையான் மட்டும் இல்லை. அப்போது பத்து லட்சத்தில் 315 பங்கு கரியமில வாயு, இப்போது 420-க்கு மேல். தொழிற்புரட்சிக்கு முன்பு சுமார் 280. இந்த மூன்று எண்களையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுத வையுங்கள்.

உங்கள் தலைமையாசிரியருக்கு மேற்கோள் வேண்டுமென்றால், அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலம் 2022 செப்டம்பரிலிருந்து பல பாடங்களில் இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. உடற்கல்வியும் அதில் உண்டு, மார்த்தாண்டம் சார் கவனிக்க. ஆங்கிலப் பாடமும் கணக்கும் அங்கே பிறகுதான் சேர்ந்தன.

பதில்: சின்னத்துறைக்காரி

நான் ஆசிரியை இல்லை. என் அண்ணன் ஒக்கியில் போனவர். டீச்சர் கேட்ட கடைசிக் கேள்விக்காக எழுதுகிறேன்.

அண்ணன் மகனுக்குப் பள்ளியில் "ஒக்கி புயல் பற்றி ஒரு பக்கம் எழுதுக" என்று கொடுத்தார்கள். படகின் நீளம், எஞ்சினின் குதிரைத்திறன், ஏற்றிய ஐஸ், தூண்டில் எண்ணிக்கை எல்லாம் எழுதினான். புயல் வரவே இல்லை. கட்டுரை தலைப்புக்குள் இல்லை என்று மதிப்பெண் குறைத்துவிட்டார்கள். அப்படிக் கேட்காதீர்கள், படம் வரையவும் சொல்லாதீர்கள். பேச விரும்புகிற பிள்ளை தானாகப் பேசும், அப்போது நேரம் போகிறதே என்று மணியைப் பார்க்காமல் இருந்தால் போதும்.

புயலைப் பாடமாக்க வேண்டுமென்றால் எச்சரிக்கையைப் பாடமாக்குங்கள். நவம்பர் 29 காலையில் இலங்கைக்குத் தென்கிழக்கே அது வெறும் தாழ்வு மண்டலம். 30 காலையில் குமரிக் கடலில் புயல். எங்கள் ஊர்ப் படகுகள் கேரை மீனுக்கும் சுறாவுக்கும் ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் தங்கும். கரையிலிருந்து பேசும் வயர்லெஸ் அங்கே எட்டாது, செல்போனும் எட்டாது. ஒரு செய்தி கிளம்பிய இடத்திலிருந்து படகு வரை எந்தெந்தக் கை மாறிப் போக வேண்டும், எங்கே அறுந்தது என்று பிள்ளைகள் வரைபடம் போடட்டும். இன்று என்ன கருவி இருக்கிறது, அது வேலை செய்கிறதா என்று வீட்டில் கேட்டு வரட்டும். வானிலை அறிக்கையை வகுப்பில் சத்தமாக வாசித்து, இன்று கடலுக்குப் போகலாமா கூடாதா என்று முடிவெடுக்கச் சொல்லுங்கள். எந்தப் பாடம் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

மீன்பிடித் தடைக்காலமும் நல்ல பாடம். நம் மாவட்டத்துக்குள்ளேயே சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஏன் இரண்டு என்று கேளுங்கள், மீனும் காற்றும் பருவமும் எல்லாம் தானாக வந்துவிடும். கச்சான் காற்று எந்த மாதம் தொடங்கும், வாடைக் காற்று எப்போது, முன்பு எந்த மாதத்தில் எந்த மீன் என்று தாத்தாக்களிடம் கேட்டு எழுதுவது தமிழ்ப் பாடம். ஒரு தாத்தாவை நம்பாதீர்கள், இரண்டு மூன்று வீட்டில் கேட்டு ஒப்பிடட்டும். அந்தக் காலத்து மீன் வருடத்துக்கு வருடம் பெரிதாகிக்கொண்டே போகும்.

கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. சின்னத்துறை அக்கா, நீங்கள் எழுதியதை அச்செடுத்து வைத்துக்கொண்டேன். புயல் கட்டுரையை எங்கள் பள்ளி வினாத்தாளில் இருந்து எடுக்கத் தமிழ் ஐயாவிடம் பேசினேன், சம்மதித்துவிட்டார். அதற்குப் பதில் கச்சானும் வாடையும் வருகின்றன. தாத்தாக்களிடம் கேட்கப் போகும் கேள்விகளை அவரே எழுதித் தருகிறேன் என்றார். வான்சிறப்பையும் விடமாட்டாராம், இருந்துவிட்டுப் போகட்டும்.

தூண்டில் வளைவுப் பையனிடம் அவன் சொன்னது சரி என்று சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் கல் போட்ட வருடத்தைப் பஞ்சாயத்தில் கேட்டு வருகிறேன் என்கிறான். யாரிடமாவது திட்டு வாங்காமல் வர வேண்டும், நானும் உடன் போகிறேன்.

கணக்கு சாரிடம் "புள்ளியியலுக்கு எண்கள்" என்றேன். "எண்களைக் காட்டு" என்றார். எங்கள் ஊருக்கு மழைமானி கிடையாது. வாத்தியார் சார், என்ன செய்வது? மழை இல்லாத நாளுக்கு என்ன எழுதுவது?

பதில்: கணக்கு வாத்தியார் (பூதப்பாண்டி)

பட்டியலில் குளச்சல் இருக்கிறது, இரணியலும் இருக்கிறது. பக்கத்தில் எது என்று வரைபடத்தில் அவர்களே அளந்து பார்த்து எடுத்துக்கொள்ளட்டும். பள்ளியில் சொந்தமாக வைக்க வேண்டுமென்றால் மேலும் கீழும் ஒரே அகலமுள்ள நேரான பாட்டில் ஒன்று, ஓர் அளவுகோல் போதும். மரத்தடியில் வைக்காதீர்கள், தென்னையிலிருந்து சொட்டுவதும் சேர்ந்துவிடும். தினமும் காலை 8.30 மணிக்கு அளக்க வேண்டும், வானிலை மையத்தின் கணக்கும் அந்த நேரம்தான். சனி, ஞாயிறுக்குப் பள்ளிக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பிடியுங்கள்.

பூஜ்யத்தைப் பற்றி: பட்டியல் வந்து உங்கள் ஊர் அதில் இல்லை என்றால் 0. பட்டியலே வராத நாளை வெற்றாக விடுங்கள். இரண்டையும் ஒன்றாக எழுதினால் சராசரி கெட்டுப்போகும். ஏன் கெடும் என்று வகுப்பில் ஒரு சண்டை வரும், அந்தப் பாடவேளையை விட்டுக்கொடுங்கள். கரியமில வாயுவின் மூன்று எண்களையும் இன்றே முதல் பக்கத்தில் எழுதவைத்துவிட்டேன், தக்கலை சாருக்குச் சொல்லிவிடுகிறேன்.